மைதானம் கேட்பதும் அரசியல்தான்

"விளையாட்டில் அரசியலைக் கொண்டுவராதீர்கள்" என்று நான் மதிக்கும் ஓர் அண்ணன் நேற்று எழுதியிருந்தார். வாக்குக் கேட்டு வருகிறவர்கள் ஊருக்கு ஒரு பொது மைதானம் எப்போது வரும் என்று பதில் சொல்லட்டும் என எங்கள் பையன்கள் தட்டி வைத்தார்கள். அதற்குத்தான் இந்த அறிவுரை. அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கருத்தின் மேல் நிறையவே இருக்கிறது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எங்கள் கடலோர ஊர்களைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் ஏ.வி.எம். கால்வாய். நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டில் வீடும் பள்ளியும் கோயிலும் கல்லறையும் வலை உலர்த்தும் இடமும் அடங்கியாக வேண்டும். கால்பந்து விளையாட மிஞ்சியது கடப்புறம் என்று நாங்கள் சொல்லும் கடற்கரை மணல் மட்டுமே. அப்பாமார் காலத்தில் அங்கே பதினொருவர் ஆட்டமே நடக்குமாம். அந்தக் கரையைக் கடல் ஆண்டுதோறும் அரித்துத் தின்றது. கருங்கல் சுவர் வந்தது, சில இடங்களில் கடலுக்குள் நீளும் கல் அணையான தூண்டில் வளைவு வந்தது. வீடுகளைக் காப்பாற்ற அவை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஊரில் கல் கொட்டினால் பக்கத்து ஊரின் மணல் போய்விடுகிறது.

இப்போது மிச்சமிருக்கும் மணலில் அணிக்கு ஐந்து பேராகப் பிரிந்துதான் ஆட முடிகிறது. பந்து கல் இடுக்கில் விழுந்தால் ஆட்டம் நின்றுவிடும். கை மெலிந்த சின்னப் பையன் யாரையாவது கூப்பிடுவார்கள். அவன் கல்லின் மேல் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டுத் துழாவுவான். அலை முகத்தில் அடிக்கும், அவன் கண்ணை இறுக மூடிக்கொள்வான். முழங்கையில் சிராய்ப்பில்லாத பிள்ளை எங்கள் கரையில் கிடையாது. இந்தக் கரையின் இரவிபுத்தன்துறையிலிருந்துதான் மைக்கேல் சூசைராஜ் கிளம்பிப் போய், 2019-20இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்ற கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியின் இடது ஓரத்தில் ஓடினார். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட எல்லோரும் வருகிறார்கள். அடுத்தவன் எங்கே ஓடிப் பழகுவான் என்று கேட்டால்தான் அது அரசியலாகிவிடுகிறது.

நீரோடியைத் தாண்டினால் பொழியூர். அது கேரளம். ஒரே கடல், ஒரே தொழில், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் ஊர்கள் அடங்கிய விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. ஆனால் எங்கள் தூத்தூர் வட்டாரப் பங்குகள், அதாவது ஊர்க் கத்தோலிக்கக் கோயில் சபைகள், இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. பந்தும் அந்த எல்லையை மதித்ததில்லை. இங்குள்ளவன் அங்கே அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடுவான், அங்குள்ளவன் இங்கே கிறிஸ்துமஸ் போட்டிக்கு வருவான். ஆட்டம் முடிந்த பிறகுதான் எல்லை கண்ணுக்குத் தெரியும். மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபிக்கு வீரர்களை வரிசையாகத் தந்த ஊர் என்று பொழியூருக்குப் பெயர் உண்டு. 2018இல் கொல்கத்தாவில் மேற்கு வங்கத்தைப் பெனால்டியில் வென்று 14 ஆண்டுகளுக்குப் பிறகு கேரளம் அந்தக் கோப்பையைத் தூக்கியபோது, அணியில் வேலையில்லாமல் இருந்தவர்களுக்கு அரசு வேலை தருவதாக அங்கே அறிவித்தார்கள். கால்பந்து ஆடுகிறவனுக்குச் சோறு போடுவது அரசின் கடமை என்று ஒரு சமூகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே கேரள போலீஸ் அணி இருந்தது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்று, பின்னாளில் இந்திய அணித்தலைவரான ஐ.எம். விஜயனுக்கு அந்த அணி சம்பளமும் சீருடையும் கொடுத்தது. தமிழகத்திலும் அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அதில் நுழையத் தேவையான போட்டிச் சான்றிதழை வாங்கும் இடத்துக்கே எங்கள் பையன்கள் போய்ச் சேருவதில்லை. பத்தொன்பது வயதில் கொச்சி துறைமுகத்துக்குப் போய் ஆழ்கடல் விசைப்படகில் ஏறிவிடுகிறார்கள். பிறகு ஊர்த் திருவிழாவுக்கு வந்தால் ஆடுவதோடு சரி.

உலகக் கோப்பை வந்தால் எங்கள் தெருக்களில் அர்ஜென்டினாக் கொடி பறக்கும். பறக்கட்டும், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அந்த நாடு முதன்முதலில் கோப்பை வென்ற 1978 எப்படிப்பட்ட ஆண்டு என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? இராணுவ ஆட்சி. இறுதிப் போட்டி நடந்த ரிவர் பிளேட் அரங்குக்கு வெகு அருகில், கடற்படைப் பயிற்சிப் பள்ளி ஒன்று சித்திரவதைக் கூடமாக இருந்தது. கோல் விழுந்தபோது எழுந்த ஆரவாரம் தங்கள் காதில் விழுந்ததாக அங்கிருந்து உயிரோடு வந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். காணாமல்போன பிள்ளைகளைத் தேடி அம்மாமார் வெள்ளை முக்காட்டோடு மாயோ சதுக்கத்தில் சுற்றி வந்தார்கள். கோப்பையை அணித்தலைவர் கையில் கொடுத்தவர் சர்வாதிகாரி விடேலா. விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று அப்போது சொன்னால், அது யாருக்கு வசதியாக இருந்திருக்கும்?

அந்த அம்மாமாரின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2017 டிசம்பர் ஞாபகம் வரும். நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. கடலில் போனவர்களைத் தேடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஆயிரக்கணக்கானோர் நடந்தே போய்க் குழித்துறை ரயில் நிலையத் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். பெண்கள் கையில் மகன் படம், கணவன் படம். என்னோடு பந்து ஆடியவர்களின் படங்களும் அதில் இருந்தன. அன்று அங்கே கூட்டத்தை ஒழுங்குபடுத்தியதும் தண்ணீர் கொடுத்ததும் ஊர்க் கிளப் பையன்கள்தான். ஓர் அணியாகச் சேர்ந்து நிற்க அவர்கள் கடப்புறத்தில்தான் கற்றிருந்தார்கள்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கடப்புறத்தில் பெண்பிள்ளைகள் ஆடி நான் பார்த்தது மிகக் குறைவு. தமிழகப் பெண்கள் அணி 2018இல் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனது. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றது. இங்கேயோ மிச்சமிருக்கும் மணலைப் பையன்கள் பிடித்துக்கொண்டால் தங்கைகள் சுவரில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அரசு கைவிட்ட காலத்தில் பந்தும் வலையும் வாங்கிக் கொடுத்தது கோயில்தான், அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் மைதானம் கோயில் பங்கின் நிலமாக மட்டும் இருந்தால் யார் ஆடலாம், எப்போது ஆடலாம் என்பதை ஊர்ப் பெரியவர்களின் மனம் முடிவுசெய்யும். பொது நிலத்தில் ஒரு பெண்பிள்ளை உரிமையோடு இறங்கலாம்.

சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று தமிழக அரசு அறிவித்தது நல்ல செய்தி. அது பஸ் ஏறிப் போகும் தூரத்தில் அமைந்தால் எங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படாது. கால்வாய்க்குக் கிழக்கே, நடந்து போகும் தொலைவில், அரசு விலைக்கு வாங்கி வருவாய்த்துறைப் பெயரில் பதிந்த நிலம் வேண்டும். மாலையில் ஒரு பகுதி நேரம் பெண்பிள்ளைகளுக்கென்று பலகையில் எழுதியிருக்க வேண்டும். சம்பளத்தோடு ஒரு பயிற்சியாளர் வேண்டும். மனு தயாராக இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் குருசடி பக்கத்தில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். பொழியூர்க்காரர்களும் வரலாம், உங்கள் கையெழுத்துக்குத் தனித்தாள் வைத்திருக்கிறோம்.