கல்லாவுக்குள்ள ஒத்த ரூபா

திருநெல்வேலி டவுண்ல, ரத வீதியில ஒரு ஜவுளிக்கடை. பேரு வேண்டாம். ஏழு வருஷம் அங்க கணக்கு எழுதினேன். வெள்ளிக்கிழமை காலையில திருநங்கைகள் படியேறி வருவாங்க. முதலாளி அண்ணாச்சி எழுந்து நின்னு பத்தோ இருபதோ கொடுப்பார். அவங்க ஒத்த ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, தலையில கை வச்சு வாழ்த்திட்டுப் போவாங்க. அதை மஞ்சத்துணியில முடிஞ்சு கல்லாவுக்குள்ள வச்சிருப்பார். கைராசிக் காசு, செலவழிக்க மாட்டார்.

ஒரு ஆடித் தள்ளுபடிக்குப் பில் போட ஆள் தேடினோம். பி.காம். படிச்ச, டாலி (கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) தெரிஞ்ச ஒரு திருநங்கை வந்தாங்க. போடச் சொல்லிப் பார்த்தேன். எங்ககிட்ட இருந்த ரெண்டு பிள்ளைகளைவிட வேகம். அண்ணாச்சிகிட்ட சொன்னேன்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வாற கஸ்டமரு என்ன நெனப்பாவ?”

வெளியே வந்து, “போன் பண்ணுதோம்மா”ன்னேன். “சரிக்கா”ன்னு நம்பரை எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. போன் பண்ண மாட்டோம்னு எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்.

எந்தக் கஸ்டமர்? அம்பாசமுத்திரத்துல இருந்தும் தென்காசியில இருந்தும் பஸ் ஏறி வர்றவங்களுக்குப் பில்லுல பத்து ரூபா கூடிட்டாதான் கோவம் வரும். கைப்பிள்ளைய நீட்டித் திருநங்கைகிட்ட ஆசீர்வாதம் வாங்குறதும் இதே சனம்தான். கூச்சம் நமக்கு. பழியை மட்டும் கஸ்டமர் தலையில போட்டுடுதோம்.

2017-ல கொச்சி மெட்ரோ இருபதுக்கும் மேற்பட்ட திருநர்களை வேலைக்கு எடுத்துச்சு. டிக்கெட் கவுண்டர்லயும் உட்கார வச்சாங்க. சிலர் ஒரு வாரத்துலயே நின்னுட்டாங்க. காரணம் பயணிகள் இல்ல, அந்தச் சம்பளத்துக்குக் குடியிருக்க ஒருத்தரும் வீடு தரல. அதே வருஷம்தான் நம்ம திருச்செந்தூர்ப் பக்கத்து ஷானவி பொன்னுசாமி, இன்ஜினியரிங் முடிச்சவங்க, ஏர் இந்தியா விமானப் பணிப்பெண் வேலை கிடைக்காம உச்ச நீதிமன்றம் போனாங்க. மறுவருஷம் கருணைக்கொலை கேட்டு குடியரசுத் தலைவருக்கு மனு எழுதுற நிலைமை. படிச்சா போதும், எல்லாம் மாறிடும்னு சொல்றவங்களை நான் இப்ப நம்புறதில்ல.

சட்டம் இல்லாம இல்ல. திருநர் உரிமைகளைப் பாதுகாக்க வந்த 2019 சட்டத்துல 9-ம் பிரிவு, வேலைக்கு எடுக்கறதுலயும் பதவி உயர்வுலயும் பாகுபாடு கூடாதுங்குது. 11-ம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனத்துலயும் புகார் அலுவலர் வேணுங்குது. (எங்க கடையில ஸ்டாக் ரூம் சாவி யார்கிட்டன்னு கேட்டாலே பதில் வராது.) ஆனா தண்டனை சொல்ற 18-ம் பிரிவை இயற்றினப்போ, கொத்தடிமையா வேலை வாங்கறது, பொது இடத்துல தடுக்கறது, வீட்டை விட்டு விரட்டறது, உடம்பையோ மனசையோ துன்புறுத்தறதுன்னு அடுக்கினாங்க. வேலை மறுக்கறது அதுல இல்ல. அண்ணாச்சிக்கு அது தெரியாது. தெரியாமலே தைரியமாத்தான் இருந்தார்.

பெண்ணாப் பிறந்து ஆணா வாழுற திருநம்பிகள் கதை இன்னொரு நாள் எழுதணும். அவங்களை வாழ்த்தக்கூட யாரும் கூப்பிடுறதில்ல.

போன வாரம் அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் பாக்காங்களாம். “ஊருல கிடைச்சா வந்துருவேன்க்கா”ன்னாங்க.

டவுண்லயோ ஜங்ஷன்லயோ பாளையங்கோட்டையிலயோ பில்லிங்குக்கு ஆள் தேடுறவங்க இன்பாக்ஸ் வாங்க. டாலி நல்லாத் தெரியும்.