நைட் டியூட்டிக்குப் பொம்பிளப்பிள்ளை எதுக்கு?

அண்ணாவின் மகள் அனர்த்த முகாமைத்துவம், அதாவது வெள்ளம், புயல் மாதிரிப் பேரிடர்களைக் கையாளுற படிப்பு, படிக்கப் போறாளாம். "டீச்சிங் எடுத்தா ரெண்டு மணிக்கு வீட்ட வரலாம். இது புயலுக்குள்ள ஓடித்திரியிற வேலை" என்கிறார் அண்ணா. திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறார்!

2025 நவம்பர் கடைசியில் வெள்ளத்தில் எங்கள் பக்கத்து மாவிலாறு அணைக்கட்டு உடைந்தபோது ஒரு பாடசாலை முகாமில் உதவிக்கு நின்றேன். பதிவுப் படிவத்தில் குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்தவர் தொகை, அவ்வளவுதான். அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் ஒருத்தி, படிவத்தின் வெற்று ஓரத்தில் 'எட்டு மாதம்', 'இன்சுலின்', 'பால்குடிப் பிள்ளை' என்று நீலப் பேனாவால் எழுதிக்கொண்டே போனாள். படகு வந்தபோது அந்த ஓரத்தைப் பார்த்துத்தான் முதலில் ஆட்களைக் கூப்பிட்டார்கள். சத்தமில்லை, இழுபறி இல்லை.

ஒரு பெரியவர் "தாய்மனசு" என்று பாராட்டினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு பெடியன் எழுதியிருந்தால் "கெட்டிக்காரன்" என்றிருப்பார்.

அன்றிரவு படகுகளைப் பங்கிடக் கூட்டம். "இருட்டிப்போச்சு, நீங்கள் போய்ப் படுங்கோ தங்கச்சி" என்று அவளை அனுப்பிவிட்டார்கள். முகாமில் விடிய விடிய சோறு வடித்த பெண்களை யாரும் படுக்கச் சொல்லவில்லை என்பது வேறு கதை. புரெவிப் புயல் நம்முடைய கரையில் ஏறியதே 2020 டிசம்பர் 2 இரவில்தான். இரவில் நிற்க விடாவிட்டால் அனுபவம் எங்கே சேரும், பதவி உயர்வு எப்படி வரும்? பூட்டுப் போடக்கூடிய ஒரு கழிவறை, படுக்க ஓர் அறை, வீடு போக வாகனம். இதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

2004இல் சுமத்திராவில் நிலம் அதிர்ந்து ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் கழித்துத்தான் சுனாமி அலை இங்கே வந்தது. நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. அதற்குப் பிறகுதான் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117 என்ற அவசர அழைப்பு இலக்கம் எல்லாம் வந்தன. அந்த அலையில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் போனார்கள். பலருக்கு நீந்தத் தெரியாது. கையில் பிள்ளை, காலில் சேலை. கடற்கரையில் பிறந்த நமக்கே நீச்சல் பழக்காத ஊர் இது. எச்சரிக்கை எந்த வீட்டுக் குசினிவரை போய்ச் சேராது என்பது அந்தக் குசினிக்குள் நின்றவளுக்குத் தெரியும். திட்டம் போடும் மேசையில் அவளும் இருக்க வேண்டாமா?

மருமகள் இன்னும் விண்ணப்பம் போடவில்லை. சனிக்கிழமைகளில் உப்புவெளியில் நீச்சல் பழகுகிறாள். அண்ணாதான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.