நேட்டாலுக்குப் போன கணக்கு வாத்தியார்

மிஷனரிகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே முகநூலில் இரண்டே கட்சிதான். ஒன்று "படிப்பு கொடுத்த மகான்கள்", இன்னொன்று "வெள்ளைக்காரனின் கையாட்கள்". இந்த இரண்டு கட்சிக்கும் தலைவலி தருகிற ஒரு ஆள் ஜான் வில்லியம் கொலென்சோ. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு 1853இல் முதல் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) பிஷப்பாக ஆனவர்.

அடிப்படையில் கணக்கு வாத்தியார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் இரண்டாம் இடம் வாங்கி, ஹாரோ பள்ளியில் பாடம் நடத்தியவர். நேட்டாலுக்கு வந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்தில் எகுகன்யேனி என்ற மிஷனை நிறுவி, பள்ளி, அச்சகம் எல்லாம் வைத்து, அந்தப் பகுதி மக்களான ஜூலுக்களின் மொழியை உட்கார்ந்து கற்று, 1861இல் அகராதியே போட்டார். பல மனைவிகள் உள்ள ஒருவன் ஞானஸ்நானம் பெற வந்தால் முதலில் மற்றவர்களை விலக்கிவிட்டு வா என்பதுதான் அங்கே பெரும்பாலான மிஷனரிகளின் சட்டம். இவர் முடியாது என்றார். அப்படி விலக்கப்படும் பெண்ணும் பிள்ளைகளும் எங்கே போவார்கள்?

அப்புறம்தான் வில்லியம் நிகிடி வருகிறார். (ஆமாம், சிஎஸ்கேவில் இருந்த கிரிக்கெட் வீரர் லுங்கி நிகிடியின் அதே பெயர். சொந்தமா என்று என்னைக் கேட்காதீர்கள்.) பைபிளை ஜூலுவில் பெயர்க்கும் வேலையில் கொலென்சோவுக்கு உதவிய ஜூலுக்காரர். நோவாவின் வெள்ளம் வந்த இடத்தில் நிகிடி கேட்டுவிட்டார்: இதெல்லாம் நிஜமா, குளிர் நாடு வெயில் நாடு என்று எல்லா மிருகமும் ஜோடி ஜோடியாக வந்து பேழையில் ஏறியதாக நீங்கள் நம்புகிறீர்களா? வேறு எவராக இருந்தாலும் "விசுவாசி" என்று சொல்லி அடுத்த வசனத்துக்குப் போயிருப்பார். கொலென்சோ பென்சிலை எடுத்தார். எகிப்தை விட்டு 6 லட்சம் ஆண்கள் கிளம்பினார்கள் என்றால் குடும்பத்தோடு 20 லட்சத்துக்கு மேல் வருமே, அத்தனை பேர் வனாந்தரத்தில் எப்படித் தங்கினார்கள், அவர்கள் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் சபை முழுவதும் கூடியது என்றால் எங்கே நின்றார்கள், முயல் அசைபோடும் என்கிறதே பைபிளின் லேவியராகமம், எந்த முயல்? 1862இலிருந்து இது புத்தகம் புத்தகமாக வந்தது. இங்கிலாந்தே கொதித்தது. ஜூலுவை மதம் மாற்றப் போன பிஷப்பை ஜூலு மாற்றிவிட்டான் என்று கேலிப்பாட்டு கட்டினார்கள். அந்தக் கேலியில் இருக்கிற திமிரைப் பாருங்கள், கறுப்பன் கேட்ட கேள்வி ஒரு பிஷப்பை யோசிக்க வைத்ததுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

கேப் டவுன் பிஷப் ராபர்ட் கிரே 1863இல் கொலென்சோவின் பதவியைப் பறித்தார். அந்தத் தீர்ப்பு செல்லாது என்று பேரரசின் மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1865இல் சொன்னது. கிரே விடவில்லை, சபையை விட்டே விலக்கினார், அதே ஊருக்குப் போட்டியாக இன்னொரு பிஷப்பையும் அனுப்பிவைத்தார்கள். சபைச் சண்டை எங்கேயும் ஒரே மாதிரிதான் போல, சரி.

இதோடு நிறுத்திப் "புரட்சி இறையியலாளர்" என்று எழுதுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. எனக்கு முக்கியம் 1873. நேட்டாலில் வாழ்ந்த ஹ்லூபி மக்களின் தலைவர் லங்கலிபலேலே. கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்த அவருடைய இனத்து இளைஞர்கள் கூலிப் பணத்தில் துப்பாக்கி வாங்கி வந்தார்கள், பதிவு செய்யச் சொல்லி அதிகாரிகள் நெருக்கினார்கள், பயந்துபோன தலைவர் மலை தாண்டி ஓடினார், வழியில் நடந்த மோதலில் குடியேறிகள் சிலர் செத்தார்கள். அதற்குப் பழியாக ஒரு இனத்தையே சிதறடித்து நிலத்தைப் பிடுங்கினார்கள். வழக்கில் நீதிபதியாக உட்கார்ந்தவர் ஆளுநர் பைன், குற்றம் சாட்டிய அரசின் தலைவரே அவர்தான். தண்டனை ஆயுள் முழுக்க நாடுகடத்தல், ராபன் தீவில். பின்னாளில் மண்டேலாவை வைத்தார்களே, அதே தீவு.

இந்த அநியாயத்தில் அரசு தரப்பில் முன்னால் நின்றவர், பூர்வகுடி விவகாரங்களைக் கவனித்த அதிகாரியும் கொலென்சோவின் நெடுநாள் நண்பருமான ஷெப்ஸ்டோன். கொலென்சோ அந்த நட்பை முறித்துக்கொண்டு, சாட்சியங்களைத் திரட்டிக்கொண்டு, 1874இல் கப்பலேறி லண்டனில் காலனி அமைச்சர் கார்னார்வன் பிரபுவைப் பார்த்து வாதாடினார். பைனைத் திருப்பி அழைத்தார்கள், லங்கலிபலேலேயைத் தீவிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். ஆனால் விடுதலை இல்லை, நிலமும் திரும்பவில்லை. நேட்டால் வெள்ளையர்கள் பைபிள் விஷயத்தில் கூட இவரை விட்டுக்கொடுக்காமல் இருந்தவர்கள், இதற்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேதத்தில் கை வைத்தால் பரவாயில்லை, நிலத்தில் வைக்கக் கூடாது!

1879 ஜனவரியில் இசண்டில்வானாவில், ஜூலு நாட்டின் மீது படையெடுத்து வந்த பிரிட்டிஷ் படையை ஜூலு படை துடைத்தெடுத்தது. ஊரே பழிவாங்கக் கத்திக்கொண்டிருந்தபோது கொலென்சோ பைபிளில் தீர்க்கதரிசி மீகாவின் வசனத்தை எடுத்து, நியாயமும் இரக்கமும் நாம் எங்கே செய்தோம் என்று பிரசங்கம் பண்ணினார். பிறகு நாடுகடத்தப்பட்ட ஜூலு அரசர் கெட்ஷ்வாயோவுக்காக எழுதிக்கொண்டே இருந்தார்.

ஆனாலும் இவரைப் பேரரசின் எதிரி என்று என்னால் சொல்ல முடியாது. லண்டனுக்கு உண்மை தெரிந்தால் போதும், நியாயம் கிடைத்துவிடும் என்று கடைசிவரை நம்பினார். கெட்ஷ்வாயோவைத் திருப்பி அனுப்பினார்கள்தான், எப்படி? நாட்டைத் துண்டு போட்டு, எதிரிகளைப் பக்கத்திலேயே உட்காரவைத்து. உள்நாட்டுச் சண்டை மூண்டது. 1883 ஜூனில் கொலென்சோ இறந்தார். அவர் மகள் ஹாரியட் அந்த வேலையை எடுத்துக்கொண்டு, கெட்ஷ்வாயோவின் மகன் தினுசுலு மீது அரசு போட்ட இரண்டு வழக்குகளிலும் அவர் பக்கம் நின்றார். இரண்டிலும் தீர்ப்பு தினுசுலுவுக்கு எதிராகத்தான் வந்தது.