செக் மொழி மேற்கோள் குறியும் கீபோர்டும்

"விண்டோஸில் செக் கீபோர்டைச் சேர்த்தால் போதும், மேற்கோள் குறிகள் தானாகவே சரியாக வந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

செக் கீபோர்டில் எல் எழுத்துக்கு வலப்பக்கத்து விசையை ஷிஃப்டோடு அழுத்தினால் வருவது வெறும் நேர்க்குறி (") மட்டுமே. நோட்பேடில் தட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். வேர்டில் மட்டும் அது „இப்படி“ மாறுகிறதே என்றால், மாற்றுவது கீபோர்டு அல்ல, வேர்டின் தானியங்கித் திருத்தம். அதுவும் அந்தப் பத்தியின் மொழி செக் என்று குறிக்கப்பட்டிருந்தால்தான். ஆங்கிலம் என்றிருந்தால் ஆங்கிலக் குறிகளே விழும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பத்தியின் மொழி அமைப்பை.

மற்ற இடங்களில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டே எண் பலகையில் 0132 தட்டினால் திறக்கும் கீழ்க்குறி („), 0147 தட்டினால் மூடும் மேல்குறி (“). நம்லாக் போட்டிருக்க வேண்டும். எழுத்துகளுக்கு மேலே உள்ள எண் வரிசையில் இது வேலை செய்யாது. எண் பலகை இல்லாத லேப்டாப்காரர்கள் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான், எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், பலரும் இறுதியில் 0148 போடுகிறார்கள். அது ஆங்கிலத்தின் மூடும் குறி. செக்கில் மூடுவது 0147, அதாவது ஆங்கிலத்தில் திறக்கப் பயன்படும் அதே குறி. மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் திறக்க 0130, மூட 0145. இடைக்கோட்டுக்கு 0150, சாதாரண மைனஸ் குறி வேண்டாம்.