கரண்ட் பில்லுக்கு யார் திவசம் கொடுப்பது?

வெள்ளவத்தையில் ஒரு முதியோர் இல்லத்தின் அலுவலக அறையில் பெரிய நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு நாளின் கட்டத்துக்குள்ளும் பெயர்கள். சிவப்புப் பேனை என்றால் மதியச் சாப்பாடு, நீலம் என்றால் காலை அல்லது இரவு. அம்மாவின் ஆண்டுத் திவசம், பேரனின் முதலாவது பிறந்தநாள், கனடாவில் இருக்கும் மகளின் கல்யாண நாள். டிசம்பரில் ஒரே கட்டத்துக்குள் மூன்று குடும்பங்கள். இடம் போதாமல் மூன்றாவது பெயரை ஓரத்தில் எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

அப்பாவின் திவசத்துக்கு நாள் பதியத்தான் போனேன். இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அன்ரி கொப்பியைத் திறக்கும்போது அதற்குள்ளிருந்து மின்சாரப் பட்டியல் ஒன்று விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாத நிலுவை. நான் பார்த்துவிட்டதை அவரும் கவனித்துவிட்டார்.

“பிள்ளை, சாப்பாடு எப்பிடியும் வந்திடும். கரண்ட் பில்லுக்கு ஆரும் திவசம் குடுக்க மாட்டினம்” என்றார்.

மூன்று மாதமாக அந்த வார்த்தை என்னை விடவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய மாலை வகுப்புக்கு ஆறு வருடமாக நான்தான் பொருளாளர். வாடகைக்கு எடுத்த இரண்டு அறை, பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வரும் நாற்பது பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். ஜனவரி வந்தால் புத்தகப் பை வரும். ஒரு வருடம் மூன்று பக்கத்திலிருந்தும் வந்து, நாற்பது பிள்ளைகளுக்கு நூற்றுப் பத்துப் பை சேர்ந்துவிட்டது. அதே வருடம் ஜூன் மாதம் வாடகை கட்டக் காசில்லை. கணித ஆசிரியைக்கு இரண்டு மாதச் சம்பளம் நிலுவை. முகம் சுளிக்காமல் சொல்லிக்கொண்டு ஒரு தனியார் ரியூசன் நிலையத்துக்குப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவருக்கும் வீடு இருக்கிறது. அந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஏழு பிள்ளைகளில் நான்கு பேர் கணிதத்தில் கோட்டை விட்டார்கள். மிஞ்சிய பைகள் இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கின்றன.

கொடுக்கும் மனம் இல்லாத ஊர் இல்லை இது. 2004 சுனாமியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கியபோது எங்கள் மாடிக் குடியிருப்பில் விடியும்வரை உலருணவுப் பொதி கட்டினோம். யார் தமிழர், யார் முஸ்லிம், யார் சிங்களவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் நம்முடைய கொடை அநேகமாக அன்று மாலைக்குள் தீர்ந்துவிடுகிற கொடை. வாடகை, சம்பளம், ஒழுகும் கூரை, கணக்காய்வுக் கட்டணம், இவற்றையெல்லாம் போட்டோ எடுத்துப் போட முடியாது. ஒரு தொண்டு நிறுவனம் சாவதும் பிழைப்பதும் இந்தச் செலவுகளில்தான்.

1831இல் தொடங்கிய கொழும்பு ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி 1985 முதல் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் செய்து கொடுத்து வருகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கால் பொருத்தினால் வேலை முடிந்ததா? பிள்ளை வளரும், கால் வளராது. கட்டையாகிப் போன காலை மாற்ற வேண்டும், பிறகும் மாற்ற வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தேவை ஒரு நாள் உபயம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் தப்பாமல் வரும் காசு.

நிலையாகக் கொடுப்பது நமக்குத் தெரியாததும் இல்லை. என் அப்பப்பா 1974இல், தான் படிப்பித்த பாடசாலையில், தன் தாயின் பெயரில் ஒரு ஞாபகார்த்தப் பரிசு ஏற்படுத்தினார். கணிதத்தில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு. அதற்காக ஆயிரம் ரூபாயை நிலையான வைப்பில் போட்டார். ஓர் ஆசிரியருக்கு அன்று அது சின்னக் காசில்லை. அந்த வட்டியில் அப்போது நல்ல புத்தகங்களே வாங்கிக் கொடுத்தார்களாம். இன்று எட்டு வீத வட்டி என்று வைத்தாலும் எண்பது ரூபாய். ஒரு கொப்பி வாங்கவும் காணாது. பரிசளிப்பு விழாவில் பெயரை மட்டும் வாசிக்கிறார்கள், புத்தகத்தைப் பாடசாலையே தன் காசில் வாங்கி வைக்கிறது. போன வருடம் முன்வரிசைக் கதிரையில் இருந்து அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

எங்கே பிழைத்தது? வருடா வருடம் வட்டி முழுவதையும் செலவழித்தார்கள். முதல் அப்படியே ஆயிரமாக நின்றது. விலைவாசி நிற்கவில்லை.

இந்தக் கணக்கை நம் முன்னோர் ஆயிரம் வருடத்துக்கு முன்பே பிடித்துவிட்டார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு ஆடு விட்ட செய்தி நிறையக் கிடைக்கிறது. பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு. அதைப் பொறுப்பெடுக்கும் மன்றாடி, அதாவது இடையர், நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் ஓர் அருமையான பெயர் உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு. எந்த ஆடு சாகாமல் இருக்கிறது? கிழட்டு ஆடு செத்தால் அந்த இடத்தை ஒரு குட்டி நிரப்பும். எண்ணிக்கை குறையாது. நெய்யைத்தான் எடுக்கலாம், மந்தைக்கு வேண்டிய குட்டியை எடுக்கக் கூடாது. அப்பப்பாவின் வைப்பில் நெய்யோடு சேர்த்துக் குட்டியையும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் என்று ஓர் அமைப்பு முறை இருக்கிறது. தமிழில் ஊர்ப் பொது அறநிதி என்று சொல்லலாம். முதலாவது 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் தொடங்கியது. தொடங்கியவர் பிரெடெரிக் கோஃப், ஒரு டிரஸ்ட் வங்கியின் தலைவர். செத்தவர்களின் உயில்களைக் கையாள்வது அவருடைய அன்றாட வேலை. உயில் எழுதினவர் இறந்து காலம் மாறிப் போனாலும், அவர் சொன்ன ஒரே காரியத்துக்குத்தான் காசு போக வேண்டும் என்று சட்டம் பிடித்து வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனார். செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒருவர், மேற்குப் பக்கம் குடியேறப் போகிற வழியில் அந்த ஊருக்கு வரும் ஏழைப் பயணிகளுக்கென்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரிய சொத்தை எழுதி வைத்துவிட்டுப் போனார். பிற்காலத்தில் அப்படிப் போகிறவர்கள் அருகிவிட்டார்கள், காசு கிடந்தது. செத்தவரின் கை உயிரோடு இருப்பவரின் கையைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கோஃபின் எண்ணம்.

அதனால் அவர் செய்தது இது. ஊரில் பலர் பல பெயரில், பல நோக்கத்துக்குக் கொடுக்கும் சிறு நிதிகளை ஒரே பானையில் போட்டு முதலிடுவது. பெயர் அவரவர் பெயர்தான், கணக்கும் தனித்தனிதான். ஆனால் முதலீடு ஒன்று, அலுவலகம் ஒன்று, கணக்காய்வு ஒன்று. வருமானத்தை ஊரை அறிந்த ஒரு குழு உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். கொடுத்தவரின் நோக்கம் காலத்தால் பொருந்தாமல் போனால், அதற்கு நெருக்கமான வேறொரு தேவைக்கு அந்தக் குழு திருப்பிவிடலாம். பிற்காலத்தில் இந்த முறையில் வந்த நிதியங்கள் பல, வருடத்துக்கு நாலைந்து வீதம் அளவில் மட்டும் செலவழித்து மிச்சத்தை முதலோடு சேர்க்கின்றன. சாவா மூவாப் பேராடேதான்.

பெரும் பணக்காரருக்குத்தான் இது சரிவரும் என்று நினைக்காதீர்கள். கனடாவின் வினிபெக் நகர நிதியத்தை 1921இல் ஒரு வங்கியாளர் ஒரு இலட்சம் டொலரோடு தொடங்கினார். 1924இல் வந்த அடுத்த கொடை, பெயர் சொல்லாத ஒரு பெண்ணுடையது. ஒரு கடித உறைக்குள் ஐந்து டொலர் தங்கக் காசு மூன்று. உறையின் மேல் பைபிளில் வரும் அந்த ஏழை விதவையின் காணிக்கை என்று எழுதியிருந்தது. வன்கூவரில் 1943இல் தொடங்கிய நிதியத்துக்கு வித்தாக இருந்தது அலிஸ் மக்கே என்ற காரியதரிசிப் பெண் சேமித்து வைத்த ஆயிரம் டொலர். ஆதரவற்ற பெண்களுக்கு உதவ வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதைப் பார்த்த பிறகுதான் வசதியானவர்கள் பெரிய தொகை போட்டார்கள்.

நம்மவர்களும் இதைச் செய்திருக்கிறார்களே! ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு முப்பது இலட்சம் டொலர் சேர்த்து 2021இல் முடித்தார்கள். அதுவும் முதலைத் தொடாத நிதிதான். நான் மகாபொல என்ற பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் வாங்கிப் படித்தவள். 1981இல் சட்டமாக்கி ஏற்படுத்திய அந்த நிதி எத்தனை ஆயிரம் வீட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றியது என்று நம் வீடுகளிலேயே எண்ணிப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்துக்கு முடியுமென்றால் கொட்டாஞ்சேனையின் இரண்டு அறை வாடகைக்கு ஏன் முடியாது?

மறுப்புகள் வரும், தெரியும். இன்றைக்குப் பசியோடு இருப்பவரை விட்டுவிட்டு வங்கியில் காசை அடைகாப்பதா என்று என் தம்பியே கேட்டான். சாப்பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பத்தில் இரண்டு பங்கை எடுத்து வைப்போம் என்கிறேன்.

அடுத்தது 2022. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அந்த செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி நின்றது. இந்த நாட்டில் காசைப் பற்றி ‘நிரந்தரம்’ என்ற சொல்லைச் சொல்லவே பயம் என்பது நியாயம்தான். ஆனால் அந்த வருடம் அதிகம் அடிபட்டது, யாரும் கவனிக்காமல் சேமிப்புக் கணக்கில் கிடந்த சின்னச் சின்னச் சங்கக் காசுகள். ஒன்றாகச் சேர்த்தால் கொஞ்சம் திறைசேரி முறிகளில், கொஞ்சம் பங்குகளில், கொஞ்சம் வாடகை வரும் கட்டடத்தில் என்று பிரித்துப் போடலாம். பள்ளிவாசல்களுக்கென்று அறமாக எழுதி வைத்த வக்ஃபுக் கடைகளைப் பாருங்கள், விலைவாசி ஏறினால் வாடகையையும் ஏற்றலாம். ஒரு வருடம் குட்டி ஈனவில்லை என்றால் அந்த வருடம் நெய்யைக் குறைக்க வேண்டும். மந்தையை அறுக்கக் கூடாது.

மூன்றாவது மறுப்புத்தான் உண்மையிலேயே கனமானது. காசை யார் வைத்திருப்பது? நான் உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்தில் நான்கு வருடம் கணக்குக் காட்டவில்லை. கேட்டவர்களைக் குழப்பக்காரர் என்றார்கள். கடைசியில் நான் விலகிவிட்டேன், அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. ஆகவே என் நிபந்தனைகளில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் (டிரஸ்ட்) கட்டளைச் சட்டத்தின் கீழ் முறையான உறுதிப் பத்திரம் வேண்டும். பொறுப்பாளர்கள் ஒரு தவணை, மிஞ்சினால் இரண்டு, அப்புறம் வீட்டுக்குப் போக வேண்டும். வெளிக் கணக்காளர் பார்த்த கணக்கை மூன்று மொழியிலும் எல்லோரும் பார்க்கப் போட வேண்டும். காசு கேட்கும் அமைப்புக்கு நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. உள்ளூர் அமைப்புகளுக்கு முறையாக நிதி பிரித்துக் கொடுப்பது இங்கே நடக்காத காரியமும் இல்லை. கொழும்பில் சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வத்தின் பெயரில் இயங்கும் நம்பிக்கைப் பொறுப்பு அதைச் செய்து வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைத் தயவுசெய்து ஊர்ச் சங்கமாகவோ பழைய மாணவர் சங்கமாகவோ ஆக்கிவிடாதீர்கள். அவற்றின் சேவை பெரியது, நானும் இரண்டில் இருக்கிறேன். ஆனால் ஊர்ச் சங்கம் ஊரைப் பார்க்கும், பாடசாலைச் சங்கம் பாடசாலையைப் பார்க்கும். முப்பது நாற்பது வருடமாக நமக்குச் சோறு போடும் இந்த நகரத்தை யார் பார்ப்பது? மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்து நோயில் விழும் பையனுக்கு இங்கே எந்தச் சங்கமும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் பதினொரு குடும்பங்கள் கூடினோம். ஒரு சட்டத்தரணி நண்பர் உறுதிப் பத்திரத்தின் முதல் வரைவை எழுதித் தருகிறார். குடும்பத்துக்கு இருபதாயிரம் ரூபாய் என்று பேச்சு. ஐந்நூறு குடும்பம் சேர்ந்தால் ஒரு கோடி. அது வருடத்துக்குப் பத்து வீதம் தந்து, ஆறை முதலுக்கு விட்டு நாலை எடுத்தால், நான்கு இலட்சம். பெரிய காசில்லை. ஆனால் எங்கள் மாலை வகுப்பில் அந்த ஜூன் மாதம் இல்லாமல் போனது அதைவிட மிகக் குறைவு.

பத்திரம் எழுதி முடியும்வரை சும்மா இருக்க மனமில்லை. நாங்கள் சகோதரர் மூவரும் பேசி, அப்பாவின் திவசத்துக்கு மதியச் சாப்பாட்டை எளிமையாக வைத்துக்கொண்டு, மிச்சத்தில் இல்லத்தின் இந்த வருட கரண்ட் பில்லைப் பொறுப்பெடுப்பதாக முடிவு செய்தோம். நேற்றுப் போய் அன்ரியிடம் சொன்னேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சிவப்புப் பேனையோடு நாட்காட்டிக்கு முன்னால் போய் நின்றார். பிறகு திரும்பிப் பார்த்து,

“அப்ப இதை எந்த நாளில எழுத, பிள்ளை?” என்று கேட்டார்.