ஓட்டை போடாதே செந்திலு!

(கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு வீட்டுப் போர்டிகோ. உள்ளே பளபளவென்று 1966 மாடல் அம்பாசிடர் மார்க் டூ. அதற்கு முன்னால், ஓய்வுபெற்ற மில் கணக்கர் ரங்கசாமி, ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் காவல் காத்துக்கொண்டு நிற்கிறார். ஆட்டோ எலக்ட்ரீசியன் செந்தில் டூல் பையோடு வருகிறார்.)

ரங்கசாமி: வா செந்திலு. பையில என்ன வெச்சிருக்கற?

செந்தில்: ஸ்பேனரு, டெஸ்டரு, ட்ரில்லுங்க.

ரங்கசாமி: அதைக் கேட்டுக்கு வெளிய வெச்சுட்டு வா.

செந்தில்: எதைங்க?

ரங்கசாமி: ட்ரில்லை.

செந்தில்: ஏனுங்கண்ணா, அது கடிக்காதுங்க.

ரங்கசாமி: உன்னையக் கடிக்காது. என்ற வண்டியக் கடிச்சுப் போடும். மொதல்லயே சொல்லிப்போடறேன், பாடியில ஒரு ஓட்டை விழக்கூடாது. இன்னிக்கு மாட்டற சாமான் அத்தனையும் நாளைக்குக் கழட்டினா, மாட்டின தடமே இருக்கக்கூடாது.

செந்தில்: சரிங்க. என்னென்ன மாட்டோணுமுங்க?

ரங்கசாமி: (பெட்டியைத் திறந்து) இவ்வளவுதான்.

(உள்ளே இருந்தவை: மஞ்சள் ஃபாக் லைட் ஒரு ஜோடி, பம்பருக்கு முன்னால் சின்னங்கள் மாட்டும் கம்பியான பேட்ஜ் பார், கண்ணாடிக்கு மேலே மாட்டும் சன் வைசர், ஏரியல், குட்டி ஃபேன், பழைய ரேடியோ, டயருக்கு வெள்ளை ரிங் நாலு, பித்தளை பாம்-பாம் ஹார்ன், அடியில் துணி சுற்றி ஏதோ ஒன்று.)

செந்தில்: இதெல்லாம் வண்டியில மாட்டறதுக்குங்களா, இல்ல இதுக்குள்ள வண்டிய மாட்டறதுக்குங்களா?

ரங்கசாமி: கிண்டல் பண்ணாத. அந்தக் காலத்து வண்டியில எல்லாம் இதெல்லாம் இருந்துச்சு.

செந்தில்: ஒரே வண்டியிலயாங்க?

ரங்கசாமி: ஒவ்வொரு வண்டியில ஒவ்வொண்ணு. நான் எல்லா வண்டியும் பாத்திருக்கறேன்ல.

செந்தில்: அது செரி. அந்த ஓட்டை மேல மட்டும் ஏனுங்க இவ்வளவு கோவம்?

ரங்கசாமி: வின்டேஜ் பதிவு வாங்கப் போறேன். 2021ல மத்திய அரசு ரூல் போட்டுச்சு தெரியுமா? வண்டிக்கு அம்பது வருசம் தாண்டியிருக்கோணும், பழைய உருவத்துலயே இருக்கோணும், சேசிஸ்லயும் பாடியிலயும் என்ஜின்லயும் பெருசா மாத்தி வேலை பாத்திருக்கக்கூடாது. புதுசாப் பதியறவங்களுக்கு வி.ஏ. எழுத்து போட்ட நம்பரு. நம்மாட்ட ஏற்கெனவே பதிஞ்ச வண்டிக்கு, பழைய நம்பரையே வெச்சுக்கலாம்.

செந்தில்: ஆனா அந்தப் பதிவு வாங்கினா தினமும் ஓட்டக்கூடாதாமாங்க. ராலி, கண்காட்சி, பெட்ரோல் போடறது, ரிப்பேருக்குக் கொண்டு போறது, அவ்வளவுதானாம். உழவர் சந்தைக்கு என்ன பண்ணுவீங்க?

ரங்கசாமி: நான் இந்த வண்டியில சந்தைக்குப் போனா ஊரே வந்து நின்னு பாக்குது. அப்ப அது கண்காட்சிதானே?

(இந்த வாதத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லிப் பார்க்க வேண்டாம் என்பது மட்டும் நமது பணிவான கருத்து.)

செந்தில்: ஏரியல்ல இருந்து ஆரம்பிக்கலாமுங்க. இது சுளுவு. கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற விளிம்பு இருக்குதுல்லீங்க, அதுல கிளாம்ப் போட்டா முடிஞ்சுது. அடியில பழைய டியூப் ரப்பர் ஒரு துண்டு வெச்சா பெயிண்ட்டும் கீறாது. வைசருக்கும் ரெண்டு பக்கமும் அதே விளிம்புதான்.

ரங்கசாமி: பாத்தியா! அந்தக் காலத்துல கார் செஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்குது, ஒரு நாளைக்கு ரங்கசாமி ஏரியல் வாங்குவான்னு.

செந்தில்: இப்ப வர்ற வண்டியில அந்த விளிம்பே இல்லீங்க. சரி, பேட்ஜ் பாரைக் குடுங்க. பம்பரைப் புடிச்சுட்டு நிக்கற போல்ட்டைக் கழட்டி, அதே இடத்துல பாரோட காதைச் சொருகி, கொஞ்சம் நீளமான போல்ட்டாப் போட்டு முடுக்கிரலாம். லைட்டு ரெண்டும் அந்தப் பார் மேலயே உக்காந்துக்கும்.

ரங்கசாமி: இந்தா, நானே போல்ட் வாங்கி வெச்சிருக்கறேன். எட்டு எம்எம்.

செந்தில்: (பதறி) அதைய உள்ள வெய்யிங்கண்ணா!

ரங்கசாமி: ஏன், அதே சைஸ்தானே?

செந்தில்: பாக்கறதுக்குத்தானுங்க. உங்க வண்டி அங்குலக் கணக்கு. உள்ள இருக்கறது அஞ்சு பை பதினாறு அங்குலம், யு.என்.எஃப்.ங்கற நெருக்கமான மரை. அது 7.94 எம்எம். எட்டு எம்எம்ம வெச்சா மொத ரெண்டு சுத்து நல்ல புள்ளையாட்டப் போவும். மூணாவது சுத்துல பழைய மரைய வழிச்சு எடுத்துரும். ஓட்டை போடாம வண்டியக் கெடுக்கறது எப்படின்னு கேட்டீங்கன்னா, இதுதானுங்க.

ரங்கசாமி: (போல்ட்டைத் தூர வீசியபடி) துரோகி!

செந்தில்: என்னையுங்களா?

ரங்கசாமி: போல்ட்டை.

செந்தில்: ஃபாக் லைட்டு பல்பு எத்தனை வாட்டுங்க?

ரங்கசாமி: அம்பத்தஞ்சு. குன்னூர் மலை ஏறும்போது பனிய அப்படியே கிழிச்சிரோணும்.

செந்தில்: பனி கிழியறதுக்குள்ள பேட்டரி கிழிஞ்சிருமுங்க. ரெண்டு பல்பு 110 வாட்டு, பன்னெண்டு வோல்ட்டுல ஒம்பது ஆம்பியர். உங்க வண்டியில இருக்கறது ஆல்டர்னேட்டர் இல்லீங்க, டைனமோ. முக்கி முனகித் தந்தாலும் 22 ஆம்பியர். சிக்னல்ல ஐடில்ல நின்னா அதுவும் கெடையாது. ஹெட்லைட்டு, இக்னிஷனு, வைப்பரு, இந்த ஃபேனு, எல்லாம் அதுக்குள்ளதான் பொழைக்கோணும்.

ரங்கசாமி: அப்ப ஃபேன் போட்டா லைட்டு போடக்கூடாதா?

செந்தில்: மலையில பனி பெய்யறப்ப ஃபேன் எதுக்குங்க?

ரங்கசாமி: (யோசித்து) அது நியாயம்தான்.

செந்தில்: பல்பை 35 வாட்டா மாத்திரலாம். வண்டி மொத்தத்துக்கும் ரெண்டே ரெண்டு ஃபியூஸுதான் வெச்சிருக்கறான், அது மேல கை வெக்க வேண்டாம். பேட்டரியில இருந்து தனி வயரு, நடுவுல தனி ஃபியூஸு, சுவிட்சுக்குப் பாரம் ஏறாம இருக்க ஒரு ரிலே. கம்பெனி வயரை எங்கயும் வெட்ட மாட்டேன். உள்ள கொண்டு வர்றதுக்கு ஸ்பீடாமீட்டர் கேபிள் போற ரப்பர் புஷ்ஷுலயே கொஞ்சம் எடம் இருக்குது.

ரங்கசாமி: நீ எலக்ட்ரீசியன் இல்ல செந்திலு, டாக்டரு.

செந்தில்: டாக்டருக்குக் குடுக்கற ஃபீஸைக் குடுத்தாப் போதுமுங்க. இந்த வெள்ளை ரிங் வேண்டாம். நீங்க மாட்டியிருக்கறது ரேடியல் டயரு, பக்கவாட்டுல அமுங்கி அமுங்கி எந்திரிக்கும். ரிங் தேய்ச்சுத் தேய்ச்சே டயரை அறுத்துப் போடும்.

ரங்கசாமி: ராலி அன்னிக்கு மட்டும்?

செந்தில்: நின்னுட்டு இருக்கற ராலின்னாப் பரவாயில்ல. அப்புறம் இந்த பாம்-பாம் ஹார்ன்...

ரங்கசாமி: எப்படி? பித்தளை!

செந்தில்: இது உங்க தாத்தா காலமுங்க. வண்டி உங்கப்பா காலம்.

ரங்கசாமி: பழசு பழசுதானே?

செந்தில்: அப்படிப் பாத்தா பின்னாடி ரெண்டு மாட்டையும் கட்டலாமுங்க. அதுக்கும் ஓட்டை வேண்டியதில்ல.

(ஹார்ன் பெட்டிக்குள் திரும்புகிறது. போகும் வழியில் ரங்கசாமி ஆசைக்கு ஒருமுறை அமுக்கிக்கொள்கிறார்.)

செந்தில்: ரேடியோ வேலை செய்யுதுங்களா?

ரங்கசாமி: மெட்ராஸ் புதுப்பேட்டையில பொறுக்கினேன். மூஞ்சி மட்டும்தான் இருக்குது, உள்ள ஒண்ணும் இல்ல. உள்ளுக்குள்ள ஒரு ப்ளூடூத்தை வெச்சுரு. வெளிய பாத்தா அறுபத்தாறு, உள்ள கேட்டா இன்னிக்கு.

செந்தில்: (பானெட்டைத் திறந்து பார்த்து) அண்ணா, பேட்டரியில பிளஸ்ஸை பாடியில கட்டியிருக்குதுங்களே.

ரங்கசாமி: பின்ன? மோரிஸ் ஆக்ஸ்போர்டுங்கற இங்கிலீஷ் கார் வம்சம். வெள்ளைக்காரன் அப்படித்தான் கட்டினான். பாசிட்டிவ் எர்த்.

செந்தில்: இந்தக் காலத்து ப்ளூடூத்துக்கு மைனஸுதான் பாடிங்க. அதோட தகரக் கூடு வண்டித் தகரத்துல ஒரு தொடு தொட்டுச்சுன்னா, உங்க ப்ளூடூத்து நெஜமாவே நீலமா ஒரு தடவை எரிஞ்சு காட்டிட்டுப் போய்ச் சேந்துரும்.

ரங்கசாமி: அப்ப பேட்டரியத் திருப்பிக் கட்டு!

செந்தில்: நீங்கதானே ஒண்ணையும் மாத்தக்கூடாதுன்னீங்க? வண்டி கரண்ட்டே வேண்டாமுங்க. ஒரு பவர் பேங்க்கை ரேடியோ கூட்டுக்குள்ள வெச்சுரலாம், குட்டி ஸ்பீக்கரும் உள்ளயே. வயரே கெடையாது. கையில தூக்கி வீட்டுக்குள்ளயும் கொண்டு போயிக்கலாம்.

ரங்கசாமி: வீட்டுக்குள்ள வேண்டாம். உங்கக்கா சீரியல் பாக்கறா, எனக்குப் பாட்டு கேக்கறதுக்குன்னு இருக்கற எடம் இந்தக் கார் ஒண்ணுதான்.

(அன்றைக்கு வேலை நின்றது ஃபேனில்தான். செந்தில் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு டார்ச் அடிக்கிறார். கால் இரண்டும் கதவுக்கு வெளியே.)

செந்தில்: அண்ணா... இங்க ஏற்கெனவே மூணு ஓட்டை இருக்குதுங்களே.

ரங்கசாமி: என்னது? எந்தப் படுபாவி போட்டான்? யார்றா அவன்? பெயிண்ட் அடிக்கக் குடுத்தப்ப அந்த ஷெட்டுக்காரந்தான்...

செந்தில்: இல்லீங்க, பழைய ஓட்டை. துருவே ஏறியிருக்குது. பக்கத்துல ஆணியில கீறி என்னமோ எழுதியிருக்குதுங்க. இருங்க... "ஃபேன்". கீழ "71".

(நிசப்தம்.)

ரங்கசாமி: அது எங்கப்பன் கையெழுத்து.

செந்தில்: படுபாவின்னீங்க.

ரங்கசாமி: அது பொதுவாச் சொன்னது. எங்கம்மாவுக்கு வெயிலு ஆகாது. பழனிக்குப் போறப்ப வேர்த்துக் கொட்டுதுன்னு, கையில சுத்தற ட்ரில்ல வெச்சு அப்பாவே போட்டிருப்பாரு. அந்த ஃபேன் எங்கியோ போயிருச்சு.

செந்தில்: அப்ப இதை அடைச்சுரலாமுங்களா? பழைய உருவம்னீங்களே.

ரங்கசாமி: அடைக்கறதா? தொட்டயின்னாத் தெரியும் சேதி!

செந்தில்: கம்பெனியில போட்ட ஓட்டை இல்லீங்களே.

ரங்கசாமி: அம்பாசிடர் செஞ்ச உத்தர்பாரா ஃபேக்டரியில போடலதான். ஆனா எழுபத்தொண்ணுல போட்டதுய்யா. ஓட்டைக்கே அம்பது வருசம் தாண்டிருச்சு. அதுவும் வின்டேஜ்!

செந்தில்: அப்ப இன்னிக்கு நான் ஒரு ஓட்டை போட்டா, இன்னும் அம்பது வருசம் கழிச்சு...

ரங்கசாமி: கேட்டுக்கு வெளிய போ.

செந்தில்: சும்மா சொன்னேனுங்க. ஆனா புது ஃபேனோட கால் இந்த மூணு ஓட்டைக்கு ஒத்து வராது. நடுவுல ஒரு தகட்டுப் பட்டை வெச்சு, ஒரு பக்கம் அப்பா ஓட்டையில போல்ட்டு, மறுபக்கம் ஃபேன். பட்டையில மட்டும் ரெண்டு ஓட்டை போட்டாகோணும். பட்டைக்குப் போடலாமுங்களா?

ரங்கசாமி: (நெடுநேரம் யோசித்து) போடு. ஆனா தெருமுனைக்குப் போய்ப் போட்டுட்டு வா. வண்டிக்குச் சத்தம் கேக்கக்கூடாது.

(பெட்டி காலியாகிக்கொண்டு வந்தது. அடியில் கிடந்த துணிப் பொட்டலத்தைப் பிரித்ததும், செந்தில் இரண்டடி பின்வாங்குகிறார்.)

செந்தில்: அண்ணா, இது சிவப்பு லைட்டுங்க!

ரங்கசாமி: ஆமா. அந்தக் காலத்துல வெள்ளை அம்பாசிடர்னா மேல சிவப்பு லைட்டு சுத்தோணும். பயப்படாத, ஓட்டையே வேண்டாம். அடியில காந்தம்!

செந்தில்: காந்தம் உங்க ரூல்படி சரிங்க. லைட்டுதான் சரியில்ல. 2017 மே ஒண்ணாம் தேதியில இருந்து மந்திரிங்களே கழட்டிட்டாங்க.

ரங்கசாமி: ராலியில மட்டும்?

செந்தில்: ராலிக்குப் போற வழியில போலீஸ்காரர் சல்யூட் அடிப்பாரு. அப்புறம் உள்ள யாருன்னு பாப்பாரு. பாத்துட்டு உங்களையும் கழட்டி வெச்சுருவாருங்க. அப்புறம் அந்தக் காந்தத்தையும் வெறுமனே வெக்காதீங்க. அடியில மண்ணுத் துகள் ஒட்டியிருந்தா பெயிண்ட்டுல வட்டமாக் கீறிரும். டாஷ்போர்டுல முருகனை வெக்கறதா இருந்தாலும் கீழ மெத்துணி போட்டுத்தான் வெக்கோணும். டபுள் டேப் மட்டும் வேண்டவே வேண்டாம், வெயில்ல காஞ்சா உரிக்கறப்ப பெயிண்ட்டோட வரும்.

(பொழுது சாய்கிறது. பாரில் மஞ்சள் லைட் இரண்டும் கண் விழிக்கின்றன. ஃபேன் ஓடுகிறது. ரங்கசாமி முன் சீட்டில் உட்கார்ந்து, காற்று வருகிற திசையில் முகத்தைக் காட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருக்கிறார். செந்தில் இரும நேர்கிறது.)

ரங்கசாமி: கூலி எவ்வளவு?

செந்தில்: மூவாயிரமுங்க.

ரங்கசாமி: அடேங்கப்பா! ஒரு ஓட்டைகூடப் போடல, மூவாயிரமா?

செந்தில்: போட்டிருந்தா ஆயிரத்துல மத்தியானமே முடிஞ்சிருக்குமுங்க. போடாம மாட்டினதுக்குத்தான் மிச்சம் ரெண்டாயிரம்.

ரங்கசாமி: போடாத ஓட்டைக்குக் காசு வாங்கறவனை இன்னிக்குத்தான் பாக்கறேன். (பர்ஸை எடுத்து, எண்ணி நீட்டுகிறார்.) இந்தா. ஆனா நம்ம வண்டிக்குச் சொன்ன கண்டிசன்தான் இதுக்கும். எப்ப வேணும்னாலும் தடமில்லாமத் திருப்பிக் கழட்டிக்குவேன்.

செந்தில்: (நோட்டைச் சட்டைப் பைக்குள் வைத்து, பித்தானைப் போட்டுக்கொண்டே) அதுமட்டும் பர்மனன்ட் ஃபிட்டிங்குங்கண்ணா.