போலந்து ஜாஸும் அழத் தெரியாத வாத்தியமும்

போலந்து ஜாஸ் பற்றி யார் எழுதினாலும் மூன்றாவது வரிக்குள் ‘சோகம்’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. பின்னாலேயே பனி, மூட்டம், ஸ்லாவிய ஏக்கம் எல்லாம் வரிசை கட்டி வரும். தொமாஷ் ஸ்தான்கோவின் டிரம்பெட், மார்ச்சின் வசிலெஃப்ஸ்கியின் பியானோ, இசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம் போடும் அந்தச் சாம்பல் நிற அட்டைகள். இவ்வளவுதான் போலந்து என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. ஸ்தான்கோவைக் குறை சொல்ல நான் வரவில்லை. போலந்து இசையமைப்பாளர் கொமேடாவின் இசையை அவர் மறுபடி எடுத்து வாசித்த ‘லிட்டனியா’வை (1997) இரவில் கேட்டுவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தவன்தான் நானும். அவரை மட்டுமே கேட்டுவிட்டு ஒரு நாட்டின் இசைக்கே முத்திரை குத்துகிறார்களே, அவர்களோடுதான் என் சண்டை.

அந்த முத்திரை எவ்வளவு பொருந்தாதது என்று பார்க்க ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். வைப்ரஃபோன்.

பெயர் புதிதாகத் தோன்றினாலும் சத்தம் நமக்குப் பழக்கமானதுதான். பழைய தமிழ்ப் படப் பாடல்களில், கிளப் பாட்டிலும் கனவுக் காட்சியிலும், உலோகத்தில் தட்டியதுபோல் ஒரு ஒலி மிதந்து வருமே, பல இடங்களில் அது இதுதான். மேசை மாதிரி ஒரு சட்டம். அதன் மேல் பியானோ கட்டைகளைப் போல இரண்டு வரிசையாக அலுமினியப் பட்டைகள், வழக்கமாக 37, மூன்று ஸ்தாயிக்கு. ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய். குழாயின் வாயில் மோட்டாரில் சுழலும் சிறு தட்டு. தட்டு திறந்து மூடுவதால்தான் அந்த நடுக்கம் வருகிறது. இன்றைய ஜாஸ் கலைஞர்கள் பலர் மோட்டாரை அணைத்துவிட்டே வாசிக்கிறார்கள். காலடியில் ஒரு பெடல் உண்டு. மிதித்தால் ஒலி நீளும். காலை எடுத்தால் ஃபெல்ட் ஒட்டிய ஒரு நீளக் கட்டை மேலே எழும்பி எல்லாப் பட்டைகளையும் ஒரே நேரத்தில் அமுக்கிவிடும்.

இதில் கமகம் கிடையாது. அடித்தது அடித்ததுதான். அதற்கப்புறம் அந்த ஸ்வரத்தை வளைக்கவோ வளர்க்கவோ வழியில்லை. (கெட்டியான குச்சியைப் பட்டையின் மேல் அழுத்தி இழுத்தால் ஒலி கொஞ்சம் இறங்கும். அது ஒரு வித்தை, அவ்வளவுதான். அதை வைத்துக் கச்சேரி நடத்த முடியாது.) டிரம்பெட்காரர் மூச்சால் ஒரு ஸ்வரத்தைத் தேம்ப வைக்கலாம், சாக்ஸபோன்காரர் அதை உடைத்து அழ வைக்கலாம். வைப்ரஃபோன்காரரிடம் இருப்பது இரண்டே தீர்மானங்கள்: எப்போது தட்டுவது, எப்போது நிறுத்துவது. இந்த நிறுத்துவதில்தான் விஷயமே இருக்கிறது. நல்ல வாத்தியக்காரரின் கைகளைப் பக்கத்திலிருந்து எடுத்த காணொளி கிடைத்தால் பாருங்கள். வலது கைக் குச்சி புது ஸ்வரத்தைத் தட்டும் அதே கணத்தில் இடது கைக் குச்சி பழைய பட்டையின் மேல் சத்தமில்லாமல் போய் உட்காரும். பெடல் மிதித்தபடியே இருக்கும், மற்ற ஒலிகள் மிதந்துகொண்டிருக்கும், அந்த ஒன்று மட்டும் அணையும். ஒரு பாட்டு முழுக்க இப்படி நூறு முறை நடக்கும். கேட்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. வரிகள் தெளிவாக இருக்கின்றன என்று மட்டும் தோன்றும்.

ஆக, இது அழத் தெரியாத வாத்தியம். சோகத்துக்குப் பேர் போன ஒரு நாட்டுக்காரர்கள் இதைக் கையில் எடுத்தால் என்ன செய்வார்கள்?

முதலில் எடுத்தவர்களில் முக்கியமானவர் யெஷி மிலியான். போஸ்னான் நகரத்தில் 1935-இல் பிறந்தவர். ஸ்டாலின் காலத்தில் போலந்தில் ஜாஸ் என்பது முதலாளித்துவச் சீரழிவு. வெளியே மேடை கிடைக்காது, வீடுகளுக்குள் வாசித்தார்கள். 1956 ஆகஸ்டில் பால்டிக் கடற்கரையில் சோபோட் நகரத்தில் முதல் பெரிய ஜாஸ் விழா நடந்தபோது எல்லாம் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. அங்கே வாசித்த கிஷிஷ்டோஃப் கொமேடாவின் ஆறு பேர் குழுவில் மிலியான் வைப்ரஃபோன் வாசித்தார், வயது 21. கொமேடா அப்போது காது மூக்கு தொண்டை மருத்துவர். ஆஸ்பத்திரியில் உடன் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் தன் உண்மைப் பெயரான டிஷின்ஸ்கியை விட்டுவிட்டுக் கொமேடா என்ற பெயரில் வாசித்தார் என்பார்கள். போலந்தின் நவீன ஜாஸ் அந்த மேடையில் தொடங்கியது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அங்கே கொமேடாவின் குழுவில் டிரம்பெட் இல்லை, வைப்ரஃபோன் இருந்தது. இதை ஏனோ யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

கொமேடா பிறகு இயக்குநர் ரோமன் போலன்ஸ்கியின் படங்களுக்கு இசையமைத்து உலகம் அறிந்தவரானார், 1969-இல் சின்ன வயதிலேயே போய்விட்டார். அதே 1969-இல் மிலியானின் ‘பாஸார்’ வந்தது. ‘போலிஷ் ஜாஸ்’ என்று அரசு இசைத்தட்டு நிறுவனமான போல்ஸ்கியே நக்ரானியா 1965-இல் தொடங்கிய வரிசையில் அது 17-ஆவது. (அந்த வரிசை 1989 வரை 76 தட்டுகள் ஓடி நின்றது, 2016-இல் மறுபடி தொடங்கினார்கள். போலந்து ஜாஸுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.) ‘பாஸார்’ அடிப்படையில் மூவர் இசை: வைப்ரஃபோன், பாஸ், டிரம்ஸ். சில இடங்களில் எவா வனாட்டின் குரல் சேர்கிறது. பியானோ இல்லை. ஒரு நிமிஷம்கூட முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளாத இசை இது. குறும்பு இருக்கிறது, நடை இருக்கிறது, தெருச் சத்தம் போல ஒரு துள்ளல் இருக்கிறது. பழைய இசைத்தட்டு தேடித் திரிபவர்கள் இதை ஏன் இப்படித் துரத்துகிறார்கள் என்பது முதல் பக்கம் முடிவதற்குள் புரிந்துவிடும்.

மிலியான் இதோடு நிற்கவில்லை. எழுபதுகளின் நடுவிலிருந்து கத்தோவிட்சே வானொலி, தொலைக்காட்சி இசைக்குழுவை நடத்தினார், ஓவியமும் வரைந்தார். 2018-இல் இறந்தார். அவருடைய வானொலிப் பதிவுகள் பெட்டிகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. காட் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன போலந்து நிறுவனம் அவற்றைத் தோண்டி எடுத்து ஒவ்வொன்றாக வெளியிட்டது. அந்த வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் இந்தக் கிளை அடிக்குறிப்பாகவே முடிந்திருக்கும்.

அடுத்த தலைமுறையில் பெரிய பெயர் பெர்னார்ட் மசேலி. 1985-இல் தொடங்கிய வாக் அவே குழுவில் பெயர் வாங்கியவர், இன்று பல இளைஞர்களுக்கு வாத்தியார். மனிதர் கைகள் மின்னல், சந்தேகமே இல்லை. ஆனால் ஜாஸோடு ராக்கைக் கலக்கும் அந்தக் காலத்து ஃபியூஷன் பதிவுகள் எனக்கு ஒட்டவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மசேலி மேலட்கேட் என்ற மின்னணு வாத்தியத்தை விரும்பி வாசிப்பவர். அலுமினியத்துக்குப் பதில் ரப்பர் பட்டைகள், தட்டினால் சிந்தசைஸர் பேசும், வேண்டிய ஒலியை வைத்துக்கொள்ளலாம். ஸ்வரத்தை வளைக்கலாம், நீட்டலாம். அதுதான் என் பிரச்சினையே. வைப்ரஃபோனின் கட்டுப்பாடு எதுவோ அதுவே அதன் குணம். கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேகம் மட்டும். இந்தக் கருத்துக்கு மசேலி ரசிகர்கள் என்னைப் பின்னூட்டத்தில் வந்து உதைக்கலாம், வாருங்கள்.

மசேலியை நான் முழு மனதோடு ரசிப்பது வேறொரு தொகுப்பில்தான். மூத்தவர் மிலியானுக்குக் காணிக்கையாக மூன்று வைப்ரஃபோன் கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்தது: மசேலி, டொமினிக் புகோஃப்ஸ்கி, கரோல் ஷிமனோஃப்ஸ்கி. (இந்தக் கடைசிப் பெயரைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 1937-இல் காலமான மகா இசையமைப்பாளர் ஷிமனோஃப்ஸ்கி வேறு, இவர் வேறு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு போலந்தில் இசைத் தொழிலுக்கு வருவதற்கே தைரியம் வேண்டும்.) மூன்று வைப்ரஃபோன் என்றால் காகிதத்தில் விபரீத யோசனை. மூன்றும் அதே மூன்று ஸ்தாயிக்குள் நிற்பவை, மூன்று பேரும் பெடலை மிதித்தால் ஒலி குழைந்து பாயசமாகிவிடும். அதனால்தான் இதைக் கேட்கும்போது ஒருவர் வாசிக்கையில் மற்றவர் எங்கே விலகுகிறார் என்பதையே கவனிக்கத் தோன்றுகிறது. எல்லா இடத்திலும் அது ஜெயிக்கிறது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் நெரிசல்தான். ஆனால் மிலியானை அருங்காட்சியகத்தில் வைக்காமல் மேடைக்கு மறுபடி அழைத்து வந்தார்கள், அது பெரிய காரியம்.

புகோஃப்ஸ்கி கதான்ஸ்க் வட்டாரத்துக்காரர், கடலோரத்து ஆள். அவருடைய ‘சூஃபியா’வை நம்மவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். அதில் விருந்தாளி அமீர் எல்சஃபார். தந்தை வழியில் ஈராக்கிய வேர் கொண்ட அமெரிக்க டிரம்பெட் கலைஞர். நம் ராகம் போன்ற மகாம் என்ற பாக்தாத் இசை மரபை முறையாகக் கற்றவர், சந்தூரும் வாசிப்பவர். ஸ்வரங்களுக்கு இடையில் இருக்கும் சின்னச் சின்ன ஸ்வரங்களில் புழங்குகிறவர் ஒரு பக்கம். அந்த இடைவெளிகளைத் தொடவே முடியாத உலோகப் பட்டைகள் மறுபக்கம். கேட்க வேண்டியது அந்த உரசலைத்தான். ஒரு கர்நாடக சங்கீதக் காதுக்கு இதில் என்ன நடக்கிறது என்பது ஐரோப்பிய விமர்சகரைவிடச் சீக்கிரம் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

நம் காது என்றதும் ஞாபகம் வருகிறது. வைப்ரஃபோனுக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மிஹாவ் பரான்ஸ்கி என்ற போலந்து பாஸ் கலைஞர் ‘மசோவியன் மந்த்ரா’ என்று ஒரு தொகுப்பு போட்டார். மசோவியா என்பது வார்சா இருக்கும் பிரதேசம். அந்த ஊர் நாட்டுப்புற இசையோடு அவர் சேர்த்தது, தாளச் சொற்களை வாயால் சொல்லும் நம் கொன்னக்கோல். தாளத்தைத் தேடி அவர்கள் எவ்வளவு தூரம் வருகிறார்கள் பாருங்கள். இவர்களைத்தான் மூடுபனிக்காரர்கள் என்கிறார்கள்.

சரி, புதியவர்களில் என் ஓட்டு மார்ச்சின் பதெருக்கு. இளைஞர். அவருடைய மூவர் குழுவில் வைப்ரஃபோன், பாஸ், டிரம்ஸ் மட்டுமே. அதாவது மிலியான் 1969-இல் வைத்திருந்த அதே அமைப்பு. இது சும்மா எடுத்துவிடக்கூடிய முடிவு இல்லை. பியானோ பக்கத்தில் இருந்தால் வைப்ரஃபோன்காரர் சொகுசாக இருக்கலாம், ஸ்வரக் கூட்டுகளைப் பியானோ பார்த்துக்கொள்ளும். பியானோ இல்லாவிட்டால் இரண்டு கையில் நான்கு குச்சி பிடித்து மெட்டையும் அடித்தளத்தையும் தானே கட்ட வேண்டும். போட்ட ஒவ்வொரு ஸ்வரமும் அம்மணமாக நிற்கும். என் அனுபவத்தில் வைப்ரஃபோன் தொகுப்புகளில் நல்லதையும் சுமாரையும் பிரிப்பது பெரும்பாலும் இந்தப் பியானோ விவகாரம்தான். இரண்டும் சேர்ந்தால் ஒரே இடத்துக்குத் தள்ளுமுள்ளு. பியானோ போனதும் நடுவில் காற்று வருகிறது, பாஸ்காரர் விரல் இழுபடும் சத்தம்கூடக் கேட்கிறது.

பதெரின் 2021 தொகுப்பு ‘பிட்வீன்’. அதில் யாகூப் மிஸெராட்ஸ்கியின் கிடார் நான்காவது ஆளாக வருகிறது. பியானோ செய்யும் நெரிசலைக் கிடார் செய்வதில்லை. கம்பி ஒலியும் உலோக ஒலியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றை ஒன்று விழுங்குவதில்லை. குழுவில் யாருக்கும் தன்னை நிரூபிக்கும் அவசரம் இல்லாதது எனக்குப் பிடித்தது. இந்த வயதில் அது அபூர்வம்.

இசபெல்லா எஃபன்பர்க்கையும் விட்டுவிடக்கூடாது. போலந்தில் பிறந்து ஜெர்மனியில் நியூரம்பெர்க் பக்கம் வாழ்பவர். வைப்ரஃபோனோடு ஆரே எம்பிரா என்ற விநோத வாத்தியமும் வாசிக்கிறார். அவருக்குத் தனிப் பதிவே போட வேண்டும்.

கடைசியாக, என் கட்சிக்கு மிகவும் வசதியான சாட்சி. பாஸ், டிரம்ஸ் வாசிக்கும் ஓலெஷ் சகோதரர்களும், ஜெர்மானிய வைப்ரஃபோன் கலைஞர் கிறிஸ்டோபர் டெல்லும் சேர்ந்து செய்த இரண்டு தொகுப்புகள்: ‘கொமேடா அஹெட்’, ‘குரெட்ஸ்கி அஹெட்’. டெல் போலந்துக்காரர் இல்லையே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். இசையும் போலந்து, மூவரில் இருவரும் போலந்து, எனக்கு அது போதும். கொமேடாவை எடுத்தவர்கள் நூறு பேர். ஆனால் ஹென்ரிக் குரெட்ஸ்கி? அவர் பெயரைச் சொன்னாலே உலகத்துக்கு நினைவு வருவது மூன்றாவது சிம்பொனி. பெயரிலேயே சோகப் பாடல்களின் சிம்பொனி. 1992-இல் வந்த ஒரு பதிவு பத்து லட்சத்துக்கு மேல் விற்று, போலந்து என்றால் அழுகை என்ற எண்ணத்துக்கு ஆணி அடித்துவிட்டது. அந்த மனிதரின் இசையை எடுத்து, அழத் தெரியாத வாத்தியத்திடம் கொடுத்திருக்கிறார்கள். நீளமான ஸ்வரக் கூட்டுகள் இல்லை, வயலின் கூட்டம் இல்லை, கூடப் பாட யாரும் இல்லை. தட்டிய கணத்திலிருந்தே தேய ஆரம்பிக்கும் ஸ்வரங்கள், கீழே ஓயாமல் அசையும் பாஸும் டிரம்ஸும். முதல் முறை கேட்டபோது குரெட்ஸ்கி எங்கே போனார் என்று தேடினேன். இப்போது இதைக் கேட்டுவிட்டுத்தான் அவருடைய மூல இசைக்குப் போகிறேன், அங்கேயும் தாளம் முன்னால் வந்து நிற்கிறது.

‘பாஸார்’, ‘பிட்வீன்’, ‘குரெட்ஸ்கி அஹெட்’. இந்த வரிசையில் கேளுங்கள், ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் வேண்டாம். கேட்டுவிட்டு, அப்பவும் சோகம்தான் என்று தோன்றினால் கீழே எழுதுங்கள், சண்டையைத் தொடரலாம்.